அச்சில் விழுந்த விரிசல்

1957 ஜூலை 26 அன்று மேற்கு ஜெர்மனியில் ஒரு சட்டம் வந்தது. இரண்டாம் உலகப் போரில் பெற்ற பதக்கங்களை முன்னாள் படைவீரர்கள் இனி அணிந்துகொள்ளலாம். ஆனால் அவற்றில் ஸ்வஸ்திகா இருக்கக் கூடாது. இரும்புச் சிலுவையின் நடுவே ஸ்வஸ்திகா இருந்த இடத்துக்கு மூன்று ஓக் இலைகள் வந்தன. 1813இல் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியம் முதன்முதலில் நிறுவிய சிலுவையில் இருந்த அதே இலைகள். பழையதைத் தொலைத்தவர்களும் எதிரிப் படையிடம் பறிகொடுத்தவர்களும் புதிதாக வாங்கிக்கொண்டார்கள். செய்து கொடுத்தவர்களில் போர்க்காலத்தில் இதே தொழிலைச் செய்தவர்களும் இருந்தார்கள். லூடென்ஷைட் நகரத்து ஷ்டைன்ஹவர் - லூக் நிறுவனம் அவர்களில் ஒன்று. போர்க்காலத்தில் அதற்கு அரசு கொடுத்திருந்த எண் 4.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அதே பட்டறை, அதே உலோகம், சில பாகங்களுக்கு அதே அச்சு. நடுவில் ஓடியது பன்னிரண்டு ஆண்டுகள்தான். அந்தப் புதுச் சிலுவையின் விளிம்புச் சட்டத்தைக் கழற்றி, ஸ்வஸ்திகா உள்ள நடுத்தகட்டை யாராவது உள்ளே பொருத்திவிட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? சிலுவையின் மேல் நிலையான நைட்ஸ் கிராஸ் பதக்கம் போர் முழுவதிலும் சுமார் 7,300 பேருக்குத்தான் கிடைத்தது. இன்று ஏலத்துக்கு வருபவை எல்லாமே அசல் என்று நம்பினால் அந்தக் கணக்கு உதைக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த அத்தியாயத்தில் வரும் சோதனைகள், ‘இது போர்க்காலத்ததாக இருக்க முடியாது’ என்று அடித்துச் சொல்லக்கூடியவை. ‘இது போர்க்காலத்ததுதான்’ என்று தனியாக நின்று சத்தியம் செய்யக்கூடியது அவற்றில் ஒன்றுகூடக் கிடையாது. விற்பவர்கள் பேசுவது நேர்மாறாக. காந்தம் ஒட்டுகிறது, ஆகவே அசல். புற ஊதா விளக்கில் ஒளிரவில்லை, ஆகவே அசல். இந்த ‘ஆகவே’யில்தான் வாங்குபவரின் பணம் போகிறது.

எளிமையான சோதனையிலிருந்து தொடங்கலாம். உலோகச் சின்னம் செய்ய இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எஃகில் உருவத்தைத் தலைகீழாகக் குடைந்து அச்சு தயாரித்து, அதன் கீழ் தகட்டை வைத்து பிரஸ்ஸில் அடிப்பது. இன்னொன்று, உருக்கிய உலோகத்தை வார்ப்பது. போர்க்காலப் பட்டறைகளில் பெரும்பாலான சின்னங்களை அடித்தார்கள்; துத்தநாகச் சின்னங்கள் சிலவற்றை அழுத்தத்தில் வார்த்தார்கள். போலி செய்பவருக்கு எஃகு அச்சு குடைவது பெரும் செலவு. அதனால் அசல் ஒன்றைக் கையில் எடுத்து, ரப்பரில் பதிவெடுத்து, மெழுகில் பிரதி செய்து, கடைசியில் உலோகத்தை ஊற்றுகிறார்.

உருகிய உலோகம் இறுகும்போது சுருங்கும் என்பதை அவரால் மாற்ற முடியாது. பித்தளை ஏறத்தாழ ஒன்றரை சதவீதம் சுருங்கும். 50 மி.மீ. உயரமுள்ள சின்னத்தின் வார்ப்புப் பிரதி 49.25 மி.மீ. அளவுக்கு வந்து நிற்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த முக்கால் மில்லிமீட்டரை வெர்னியர் காலிப்பர் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பிரதியிலிருந்து இன்னொருவர் பிரதி எடுத்தால் அது இன்னும் சிறுக்கும். ஆனால் ஒப்பிடும்போது ஒரே பட்டறையின் அசலோடுதான் ஒப்பிட வேண்டும். ஒரே சின்னத்தை முப்பது நாற்பது பட்டறைகள் செய்த காலம் அது. ஒவ்வொன்றின் அச்சும் சற்று வேறு.

அடுத்தது பூதக்கண்ணாடி. பத்து மடங்கு பெருக்கம் போதும். அடித்த சின்னத்தில் கழுகின் இறகு, துப்பாக்கியின் வார் எல்லாம் கூர்மையான விளிம்போடு நிற்கும். பின்புலம் வழவழப்பாக இருக்கும். வார்த்ததில் விளிம்புகள் மழுங்கியிருக்கும், காற்றுக் குமிழ் விட்ட நுண்குழிகள் தெரியும். அதைவிட முக்கியமாகப் பார்க்க வேண்டியது மேடா, பள்ளமா என்பது. பதக்கத்தின்மேல் பட்ட கீறல் பள்ளமாக இருக்கும். அச்சில் பட்ட கீறலோ அடிக்கும்போது பதக்கத்தில் மேடாக எழும். இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிதாக உதவப் போகிறது.

பள்ளமான கீறலும் சில நேரம் பேசும். வெவ்வேறு ஊர்களில் விற்பனைக்கு வந்த இரண்டு சின்னங்களில், இடது இறக்கையில் அதே இடத்தில் அதே கோணத்தில் அதே நீளக் கீறல் இருந்தால், இரண்டும் ஒரே தாயிலிருந்து பதிவெடுத்த பிள்ளைகள். அசல் ஒன்று எங்கோ இருக்கிறது. கையில் இருப்பது, தாயின் தழும்போடு பிறந்த வார்ப்பு.

இனி உலோகத்துக்கு வருவோம். பலர் சறுக்கும் இடம் இது. போரின் தொடக்கத்தில் ஜெர்மன் சின்னங்கள் பெரும்பாலும் டோம்பாக் என்ற உலோகக் கலவையில் வந்தன. செம்பு மிகுந்த பித்தளை வகை அது. 1939 டிசம்பர் 20 அன்று ஏற்படுத்திய காலாட்படைத் தாக்குதல் சின்னத்தின் முதல் வரிசைகள் நல்ல கனத்தோடு, கூர்மையாக, வெள்ளி முலாம் மின்ன இருக்கும். பிறகு செம்பு தோட்டா உறைகளுக்கும் குண்டுகளுக்கும் போனது. சின்னங்களுக்குத் துத்தநாகம் மிஞ்சியது. 1943, 1944ஆம் ஆண்டுச் சின்னங்கள் சாம்பல் நிறத்தில், முலாம் போய், மட்டமாகத் தெரியும். ‘இது என்ன, பொம்மைக் கடைச் சாமான் மாதிரி இருக்கிறதே’ என்று ஒதுக்கினால் அசலை ஒதுக்கிவிட்டோம் என்று பொருள். முதல் உலகப் போரிலும் இதே கதைதான். பிரிட்டிஷ் தொப்பி பேட்ஜுகள் 1916இல் இரட்டை உலோகத்திலிருந்து வெறும் பித்தளைக்கு இறங்கின. இரண்டாம் போரில் பிளாஸ்டிக்கிலேயே வந்தன.

துத்தநாகத்தின் முலாம் ஏன் மறைகிறது? தேய்ந்து போவது பாதிக் காரணம்தான். துத்தநாக அணுக்கள் சாதாரண வெப்பநிலையிலேயே மெல்ல மெல்ல முலாமுக்குள் ஊடுருவுகின்றன. இருபது முப்பது ஆண்டுகளில் மெல்லிய பொன்னிறப் பூச்சு அடியில் இருக்கும் உலோகத்தோடு கலந்து, சாம்பல் பூத்துவிடும். யாரும் அணியாமல் பெட்டிக்குள்ளேயே இருந்த சின்னத்துக்கும் இது நேரும். எண்பது வயதுத் துத்தநாகச் சின்னம் ஒன்று தங்கமாக ஜொலித்தால் எனக்கு மகிழ்ச்சி வராது, சந்தேகம்தான் வரும்.

துத்தநாகமா, பித்தளையா, இன்றைய வார்ப்புக் கலவையா என்பதை அறிய ஆய்வகம் வேண்டாம், ஆர்க்கிமிடீஸ் போதும். நூறில் ஒரு கிராம் காட்டும் சிறு தராசு, ஒரு டம்ளர் தண்ணீர், ஒரு நூல். சின்னம் காற்றில் 25 கிராம், நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் 22.1 கிராம் என்று வைத்துக்கொள்வோம். எடை இழப்பு 2.9, 25ஐ அதனால் வகுத்தால் 8.6. டோம்பாக், பித்தளை வட்டாரம். தண்ணீரில் 21.5 கிராம் என்றால் விடை 7.1, துத்தநாகம். 21.2 என்றால் 6.6, அது துத்தநாகத்தோடு அலுமினியம் சேர்ந்த ஜமாக் போன்ற கலவை. மலிவான நினைவுப் பொருள்களும் சாவிக்கொத்துகளும் இந்தக் கலவையில்தான் வருகின்றன. ஆனால் ஜமாக்கை அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 1929லேயே உருவாக்கிவிட்டது. ஆகவே 6.6 என்ற எண்ணை வைத்து மட்டும் தீர்ப்பு எழுத முடியாது. ‘டோம்பாக்’ என்று சொல்லி விற்றவரிடம் 6.6 வந்தால் அவர் சொன்னது பொய் என்று மட்டும் எழுதலாம். பின்புறம் குடைவான சின்னங்களில் காற்றுக்குமிழ் ஒட்டிக்கொண்டு கணக்கைக் கெடுக்கும், தூரிகையால் தட்டிவிட்டு அளக்க வேண்டும்.

இன்னும் நுட்பமாகப் போக வேண்டும் என்றால் நகைக்கடைக்குப் போகலாம். கேரட் மீட்டர் என்று நாம் அழைக்கும் பெட்டி, எக்ஸ் கதிர் ஒளிர்வுமானிதான். கதிர் பட்டதும் அணுவின் உள்கூட்டிலிருந்து ஓர் எலக்ட்ரான் தெறித்துவிடுகிறது, வெளிக்கூட்டிலிருந்து இன்னொன்று அந்த வெற்றிடத்தில் விழுகிறது, விழும்போது தனக்கே உரிய ஆற்றலில் ஓர் எக்ஸ் கதிரை உமிழ்கிறது. செம்புக்கு 8.05 கிலோ எலக்ட்ரான் வோல்ட், துத்தநாகத்துக்கு 8.64, வெள்ளிக்கு 22.1. இந்தக் கைரேகைகளை எண்ணினால் கலவையின் விகிதம் வந்துவிடும், சின்னத்துக்குச் சேதமும் இல்லை.

குறை என்னவென்றால், இந்தக் கதிர் மேல்தோலின் சில பத்து மைக்ரான் ஆழத்தைத்தான் படிக்கும். முலாம் இருந்தால் முலாமும் அடியுலோகமும் கலந்த ஒரு குழப்ப விடை வரும். அதைவிடப் பெரிய குறை, வரலாறே குழப்பமானது என்பது. பிரிட்டனின் விக்டோரியா கிராஸ் பதக்கம், கிரிமியப் போரில் ரஷ்யர்களிடம் கைப்பற்றிய பீரங்கியின் வெண்கலத்தில் செய்யப்படுகிறது என்பது நூற்றாண்டுக்கும் மேலான நம்பிக்கை. அந்த உலோகத்தை அறுத்தெடுத்ததாகச் சொல்லப்படும் இரண்டு பீரங்கிகளும் பார்த்தாலே தெரியும், சீன வார்ப்பு. எக்ஸ் கதிர் சோதனைகள் வெவ்வேறு காலத்துப் பதக்கங்களில் வெவ்வேறு கலவைகளைக் காட்டின. ‘ரஷ்யப் பீரங்கி வெண்கலம் இல்லை, ஆகவே போலி’ என்று ஒருவர் தீர்ப்பளித்திருந்தால், அசல் வீரர்களின் அசல் பதக்கங்களைக் குப்பையில் போட்டிருப்பார். இதே மாதிரி, 1939-45 போர்ப் பதக்கம் பிரிட்டனில் செம்பு-நிக்கல் கலவையில் வந்தது, கனடாவில் வெள்ளியில் வந்தது. முதல் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் சுமார் 65 லட்சம் பேருக்கு வெள்ளியில் கிடைத்தது. சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படைகளைச் சேர்ந்த சுமார் 1,10,000 பேருக்கு மட்டும் வெண்கலத்தில். பதுங்குகுழி வெட்டியவனுக்கும் மூட்டை சுமந்தவனுக்கும் வெள்ளி எதற்கு என்று ஒரு பேரரசு நினைத்தது. இன்று அந்த வெண்கலப் பதக்கம்தான் அரிது.

துணிச் சின்னங்களின் கதை வேறு. அமெரிக்கப் படையினர் தோளில் தைத்துக்கொண்ட பூவேலைச் சின்னங்களைப் பலர் சேகரிக்கிறார்கள். 101ஆவது வான்வழிப் படைப்பிரிவின் கழுகுத் தலையைத் திரைப்படங்களில் பார்த்திருப்பீர்கள். இவற்றைச் சோதிப்பவர்களின் பையில் கட்டாயம் ஒரு புற ஊதா விளக்கு இருக்கும். காரணம், சலவைத்தூள். துணியை ‘வெண்மையிலும் வெண்மை’ ஆக்கும் ஒளிர்வுப் பொருள்கள் புற ஊதாவை உறிஞ்சி நீலமாக உமிழ்பவை. ஜெர்மனியின் ஐ.ஜி. ஃபார்பன் நிறுவனம் 1940 வாக்கில் இவற்றைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. உலகமெங்கும் பரவியது 1950களில். இருட்டில் நூல் பளிச்சென்று நீலமாக எரிந்தால் அது போருக்குப் பிந்தைய நூலாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அசல் சின்னத்தை 1975இல் ஒரு மருமகள் சட்டையோடு சேர்த்துத் துவைத்திருந்தாலும் அது ஒளிரத்தான் செய்யும். ஒளிராத நூலை இன்றும் கடையில் வாங்க முடியும், போலி செய்பவருக்கும் அது தெரியும்.

நூலே பாலியஸ்டராக இருந்தால் பேச்சு முடிந்தது. அதை பிரிட்டனில் வின்ஃபீல்டும் டிக்சனும் 1941இல் கண்டுபிடித்தாலும், துணிக்கடைக்கு வந்தது 1950களில்தான். பின்பக்கத்திலிருந்து ஒரு சிறு இழையை எடுத்துக் கொளுத்தினால் பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாகும், கம்பளி முடி கருகும் நாற்றம் தரும், பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகத் திரளும்.

துணிக்கு இன்னும் ஒரு சோதனை உண்டு. வளிமண்டல அணுகுண்டுச் சோதனைகள் 1950களின் நடுவிலிருந்து காற்றில் கார்பன்-14ஐக் கொட்டின. 1963இல் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்த சமயம் வட அரைக்கோளத்தில் அதன் அளவு இயல்பைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதற்குப் பின் வயலில் விளைந்த பருத்தி, மேய்ந்த ஆட்டின் கம்பளி, எல்லாவற்றிலும் அந்த முத்திரை பதிந்திருக்கிறது. சில மில்லிகிராம் இழை போதும், துகள் முடுக்கியில் எண்ணிவிடலாம். போலி ஓவியங்களை இந்த முறையில் பிடித்திருக்கிறார்கள். அணுகுண்டுக் கார்பன் தெரிந்தால் அந்த நூல் போர்க்காலத்தது அல்ல, மேல்முறையீடே கிடையாது. தெரியாவிட்டால்? பழைய கம்பளிக் கோட்டைக் கிழித்து அதன்மேல் நேற்று பூவேலை செய்திருக்கலாம். துணியையும் நூலையும் தனித்தனியே சோதிக்க வேண்டும், செலவோ பெரும்பாலும் சின்னத்தின் விலையைத் தாண்டிவிடும். பாலியஸ்டரை இந்தச் சோதனைக்கு அனுப்பினால் வேடிக்கையாக இருக்கும். பெட்ரோலியத்தில் பிறந்தது என்பதால் அதில் கார்பன்-14 கிடையாது. இயந்திரம் அதற்குப் பல்லாயிரம் ஆண்டு வயது சொல்லும்.

கருவியே வேண்டாத சோதனையும் இருக்கிறது. பிரிட்டிஷ் பேட்ஜின் உச்சியில் உள்ள கிரீடத்தைப் பாருங்கள். 1901 முதல் 1952 வரை ஆண்ட மன்னர்களின் காலத்தில் டியூடர் கிரீடம்: வளைவுகள் குவிமாடம்போல் மேலே உருண்டிருக்கும். எலிசபெத் அரசியான பின் செயின்ட் எட்வர்ட் கிரீடம்: வளைவுகள் நடுவில் குழிந்திருக்கும். குழிந்த கிரீடத்தோடு ‘1944 நார்மண்டி பேட்ஜ்’ என்று ஒருவர் நீட்டினால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம். இத்தனை சுலபமான சோதனைக்கும் 2022இல் ஒரு இடைஞ்சல் வந்தது. மூன்றாம் சார்லஸ் மன்னர் டியூடர் கிரீடத்தையே தேர்ந்தெடுத்துவிட்டார். இனி அசலான புதிய பேட்ஜுகளும் உருண்ட கிரீடத்தோடுதான் வரும்.

போலியே அல்லாத, ஆனால் போர்க்காலத்ததும் அல்லாத பதக்கங்கள் வேறு இருக்கின்றன. சோவியத் ஒன்றியம் 1942 மே 20 அன்று நிறுவிய தேசபக்தப் போர் விருதை, வெற்றியின் நாற்பதாம் ஆண்டான 1985இல், உயிரோடிருந்த முன்னாள் வீரர்களுக்கெல்லாம் மறுபடி கொடுத்தார்கள். போர்க்கால முதல் வகுப்பு விருதில் தங்கமும் வெள்ளியும் தனித்தனிப் பாகங்களாகச் சேர்ந்திருக்கும். 1985இன் விருது ஒரே துண்டாக அடித்து முலாம் பூசியது. அமெரிக்காவின் பர்ப்பிள் ஹார்ட் இதற்குத் தலைகீழ். ஜப்பான்மீது படையெடுக்கப்போவதை எண்ணிக் குவித்த பதக்கங்களில் கிட்டத்தட்ட 5 லட்சம் மிஞ்சிப்போயின. கொரியாவிலும் வியட்நாமிலும் காயம்பட்டவர்களுக்கு அந்தக் கையிருப்பிலிருந்தும் எடுத்துக் கொடுத்தார்கள். உலோகம் 1945, காயம் 1968. எந்த ஆய்வகத்தாலும் இரண்டாவது எண்ணைச் சொல்ல முடியாது.

இப்போது ஷ்டைன்ஹவர் - லூக் வகைச் சிக்கலுக்கு வருவோம். கலவை ஒன்று, முறை ஒன்று, அச்சு ஒன்று என்றால் காலிப்பரும் கேரட் மீட்டரும் கைவிரித்துவிடும். அங்கே உதவுவது அச்சின் உடல்நிலை.

எஃகு அச்சு ஆயிரக்கணக்கான அடிகளை வாங்குகிறது. ஒவ்வோர் அடியிலும் நுண்ணிய பிளவுகள் அதன் விளிம்புகளில் வளர்கின்றன; உலோகச் சோர்வு என்பது இதுதான். ஒருநாள் மயிரிழை விரிசல் விழும். அன்றிலிருந்து அடிக்கும் ஒவ்வொரு பதக்கத்திலும் அந்த விரிசல் மேடான ஒரு கோடாக எழும். முன்பு சொன்ன விதி இங்கே கைகொடுக்கிறது: மேடு என்றால் காயம் அச்சில்தான். விரிசல் வளரும், கிளைவிடும், பக்கத்தில் ஒரு சில்லு பெயரும். சில்லு பெயர்ந்தால் பதக்கத்தில் அங்கே ஒரு சிறு உருண்டை புடைக்கும். தானாக ஆறிவிட்ட அச்சு என்று ஒன்று கிடையாது. பட்டறைக்காரர் தேய்த்துச் சரிசெய்தாலும் அந்தத் தேய்ப்பே ஒரு தடமாக நிற்கும். ஆகவே ஒரே அச்சின் பதக்கங்களை, விரிசல் இல்லாதது முதல் மிகுந்தது வரை அடுக்கினால் அவை பிறந்த வரிசை கிடைக்கிறது. நாணயவியலாளர்கள் பழங்கால மன்னர்களின் காசுகளை வரிசைப்படுத்துவதும் இந்த வழியில்தான்.

இரும்புச் சிலுவையின் அமைப்பு இதற்கு எதிர்பாராத உதவி செய்கிறது. அது மூன்று துண்டு: நடுவில் கறுப்புப் பூசிய இரும்புத் தகடு, அதை இருபுறமும் கவ்வி, விளிம்பில் பற்றவைத்த மணிவேலைச் சட்டத்தின் இரண்டு பாதிகள். ஸ்வஸ்திகா இருந்தது நடுத்தகட்டில். 1957 சட்டத்துக்காக மாற்ற வேண்டியிருந்தது அந்தத் தகடுதான். விளிம்புச் சட்டத்தில் ஸ்வஸ்திகா இல்லை, அதன் அச்சைத் தூக்கிப்போட யாருக்கும் காரணமும் இல்லை. அதனால் ஓக் இலைச் சிலுவையின் சட்டத்தில் தெரியும் விரிசல்கள், 1957க்குப் பின் அந்த அச்சு எந்த நிலையில் இருந்தது என்பதற்குத் தேதியிட்ட சாட்சி. 1945க்கு முன் கைப்பற்றி, ஆவணத்தோடு அருங்காட்சியகம் சேர்ந்த சிலுவைகள் இன்னொரு முனையின் சாட்சி. சந்தைக்கு வரும் ஸ்வஸ்திகாச் சிலுவையின் சட்டத்தில், ஓக் இலைச் சிலுவையில் உள்ளதைவிட விரிசல் முற்றியிருந்தால் அதைப் போரில் யாரும் அணிந்திருக்க முடியாது. பட்டறை முத்திரை, வெள்ளியின் தரம், எடை எல்லாம் சரியாக இருந்தாலும் முடியாது. இத்துறையில் எனக்கு மிகவும் பிடித்த வாதம் இது. இதற்குத் தேவைப்படுவது நுண்ணோக்கியும், நூற்றுக்கணக்கான படங்களைப் பொறுமையாக அடுக்கிப் பார்க்கும் கண்ணும்தான்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. விரிசல் இல்லாத சட்டம் வந்தால் வாதம் வாயை மூடிக்கொள்ளும். அந்த நிலையில் மிஞ்சுவது காகிதம்: விருதுச் சான்றிதழ், ஊதியப் புத்தகம், புகைப்படம், பதிவேட்டு எண். பிரிட்டிஷ் பேரரசு முதல் உலகப் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் வீரரின் எண்ணையும் பெயரையும் பொறித்தது. அதனால் அங்கே போலித்தனம் வேறு வடிவம் எடுக்கிறது. பதக்கம் அசல், பெயரை அராவிவிட்டுப் புகழ்பெற்ற சண்டையில் இருந்த ஒருவரின் பெயரைப் பொறித்துவிடுவார்கள். 36 மி.மீ. விட்டம் இருக்க வேண்டிய பதக்கம் அராவிய பின் இளைத்திருக்கும். மறுபடியும் காலிப்பர்தான்.

இரண்டாம் போரில் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். மெட்ராஸ் ரெஜிமெண்டிலும் மெட்ராஸ் சாப்பர்ஸிலும் தமிழர்கள் நிறையப் பேர். பர்மா போய்த் திரும்பிய தாத்தாவின் பதக்கம் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியிலும் இருக்கலாம். இருந்தால், தயவுசெய்து புளி போட்டுத் துலக்காதீர்கள். புளியின் டார்டாரிக் அமிலம் எண்பது ஆண்டுக் கருமையைக் கரைத்துவிடும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் விளிம்பில் உள்ள எழுத்தும் அச்சின் நுண்கோடுகளும் சேர்ந்து போகும். ரிப்பனை மாற்ற வேண்டாம், சோப்பில் அலசவும் வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். அவருடைய டிஸ்சார்ஜ் சான்றிதழோ ஊதியப் புத்தகமோ கிடைத்தால் இன்றே ஸ்கேன் செய்துவிட்டுப் பதக்கத்தோடு சேர்த்து வையுங்கள். பதக்கத்தைக் கரையான் தொடாது, காகிதத்தை விடாது.